பிஸ்கட் டின்னில் முப்பத்தொரு குடிமக்கள்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, முருகையாவின் பிஸ்கட் டின்னில் வகுப்புக்கு வந்தவர்களின் முப்பத்தொரு அடையாள அட்டைகள் சேர்ந்திருந்தன. அட்டைக்குச் சொந்தக்காரர்கள் முப்பத்தொரு பேரும் கழுத்தில் 'வருகையாளர்' என்று எழுதிய பிளாஸ்டிக் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு, சுங்கை மெந்தாரித் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய பாடம், குடிமக்களின் அடிப்படை உரிமைகள்.

லுக்குட் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தால் இருபது நிமிடத்தில் தோட்டத்தை அடைந்துவிடலாம். ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது; செம்பனையும் போய் இப்போது ஒரு பெரிய விளம்பரப் பலகை மட்டும் நிற்கிறது. தோட்டத்தை வாங்கிய மேம்பாட்டு நிறுவனம் முதல் வேலையாக வாயிலில் ஒரு தடுப்புக் கம்பம் போட்டது. இரண்டாவது வேலையாக, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருக்கும் குடும்பங்கள் எல்லாம் இனி 'நீண்டகால வருகையாளர்கள்' என்று அறிவித்தது. மாற்று வீடு கட்டிக் கொடுக்கும்வரை இந்த ஏற்பாடு. மாற்று வீடு விளம்பரப் பலகையில் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

வருகையாளர் என்றால் வாயிலில் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கொடுத்துப் பாஸ் வாங்க வேண்டும். வெளியே போகும்போது பாஸைக் கொடுத்து ஐசியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாயிலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் முருகையா அந்த லயத்திலேயே பிறந்தவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது தன் ஐசியைத் தானே வாங்கி டின்னில் போட்டு, தனக்கே ஒரு பாஸ் கொடுத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார். ஒரு நாள்கூட இதில் சலுகை எடுத்துக்கொண்டதில்லை. சென்ற ஆண்டு வள்ளியம்மா கிழவி இறந்தபோது, இறப்பைப் பதிய ஐசி கேட்டு மகன்கள் வந்தார்கள். முருகையா துக்கம் விசாரித்துவிட்டு, கிழவியின் பாஸைக் கேட்டார். அதை உடலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து கொடுத்த பிறகுதான் ஐசி கிடைத்தது. பதிவேட்டில் கிழவியின் பெயருக்கு நேரே 'வருகையாளர் வெளியேறினார்' என்று குறித்து வைத்தார்.

மண்டபத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் ரவிச்சந்திரன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் உதவி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நிர்வாக அதிகாரித் தேர்வுக்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்வதைத் தொண்டாக எடுத்துக்கொண்டிருந்தார். நீலாயில் ஏர்கோன் போட்ட இடம் சும்மா கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது எல்லாரும் அடிமட்டத்தில் இறங்கித்தான் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். படம் எடுத்தால் பின்னால் லயம் தெரிய வேண்டும். அதனால் கெமாஸிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி, ஐசியைக் கொடுத்து, அடிமட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. முதுகில் 'என் உரிமை என் மூச்சு' என்று எழுதியிருந்தது. முன்பக்கம் பாஸ் மறைத்துக்கொண்டிருந்தது.

அந்த முப்பத்தொரு பேரில் லயத்துக்காரி ரதி ஒருத்திதான். வயது இருபத்தேழு. நீலாயில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. இரண்டு முறை இந்தத் தேர்வை எழுதிக் கோட்டைவிட்டவள். மூன்றாம் முறை எழுத அவளுக்கு ஒரே காரணம்தான். அதிகாரி வேலை கிடைத்தால் குடியிருக்க அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அவள் அம்மா ராக்கம்மா நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். இப்போது நான்காம் எண் வருகையாளராகச் சொந்த அடுப்படியில் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறாள். பாஸ் குழம்பில் விழுந்துவிடக்கூடாது என்று முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் அம்மா தூங்க ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான் ரதியின் லட்சியம்.

ரவிச்சந்திரன் அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவிலிருந்து பதின்மூன்றாம் பிரிவுவரை ஒரு தாளக்கட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் பிரிவு என்று அவர் ஆரம்பித்தால், நாடு முழுக்க நடமாடும் உரிமை என்று மண்டபமே கைதட்டி முடிக்கும். அன்று தட்டி முடித்த பிறகு ரதி கையைத் தூக்கினாள்.

"சார், நம்ம ஐசிய ஜாகா வாங்கி வச்சிக்கலாமா?"

ரவிச்சந்திரனின் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி. போன தடவையே வந்திருக்கு. கைடு நாற்பத்தோராம் பக்கம் பாருங்க. போலீஸ், பதிவிலாகா மாதிரி அதிகாரம் உள்ளவங்க மட்டும்தான் கேட்கலாம். ஜாகாவுக்கு அந்த அதிகாரம் இல்ல. விடை சி. எல்லாரும் வட்டம் போட்டுக்குங்க."

முப்பத்தொரு பேரும் வட்டம் போட்டார்கள்.

"இல்ல சார், இப்போ நம்மளோடது எல்லாம் வாசல்ல டின்னுக்குள்ள இருக்கு."

"அது நடப்பு விவகாரம்மா. மத்தியானம் ரெண்டு மணிக்கு."

மத்தியானம் ரெண்டு மணிக்கு நடப்பு விவகாரம் நடத்த ஹேமநாதன் வந்தார். அவர் ஒரு சட்டமன்ற உறுப்பினருடைய சிறப்பு அதிகாரியின் உதவியாளர். அவரும் ஐசியைக் கொடுத்துத்தான் வந்திருந்தார். தேசியப் பொருளாதாரம், பிராந்திய ஒத்துழைப்பு, பருவநிலை என்று மூன்று தலைப்புகளில் பேசி முடித்து, கேள்வி உண்டா என்றார். ரதி மறுபடி கேட்டாள். ஹேமநாதன் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டார். ஒரு பாமர ஜாகா, படித்த பிள்ளைகளின் ஐசியைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பதா என்று கொதித்தார். உடனே ஒரு மனு எழுதச் சொன்னார். ரதிதான் எழுதினாள். மலாயில் நன்றாக வந்திருந்தது. முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டு, மனுவை விரித்துப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் லயம் தெரிந்தது.

மாலையில் மற்றவர்கள் வெளியே போகும்போது முருகையா டின்னைத் திறந்து ஒவ்வொரு ஐசியாகக் கொடுத்தார். வழியனுப்ப வந்த ரதி நின்று, கோபம் இல்லையே அண்ணே என்று கேட்டாள்.

"எனக்கென்னம்மா கோபம்," என்றார் முருகையா. "டின்னு நல்ல டின்னுதான். மழை தண்ணி உள்ள போகாது."

மனுவுக்கு மூன்றே வாரத்தில் பலன் கிடைத்தது. அரசாங்கத்துக்கு எழுதியும் நிறுவனத்துக்கு எழுதியும் பதிலே வராமல் பழகியிருந்த லயத்துக்காரர்கள் பிரமித்துப் போனார்கள். ஜாகா ஐசியை வாங்கி வைப்பது சட்டவிரோதம் என்பதை நிறுவனம் முழுமனத்துடன் ஒப்புக்கொண்டது. அன்றோடு பிஸ்கட் டின் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, தோட்ட ஆபீசில் ஓர் இரும்பு அலமாரி வைக்கப்பட்டது. சாவி ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி புனிதனிடம் இருக்கும். வருகையாளர்கள் தங்கள் ஐசியை ஆபீஸ் முகப்பில் 'தாமாக முன்வந்து' ஒப்படைப்பார்கள். யாரும் வாங்கப்போவதில்லை, அவர்களாக ஒப்படைக்கப் போகிறார்கள். சட்டத்தில் இதற்குத் தடை எங்கும் சொல்லப்படவில்லை என்று ஹேமநாதன் விளக்கினார். ரதி கைடைப் புரட்டிப் பார்த்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.

அலமாரிக்குத் திறப்பு விழா நடந்தது. ஹேமநாதன் ரிப்பன் வெட்டினார். உரிமைப் போராட்டத்தின் மைல்கல் என்று ரவிச்சந்திரன் பேசினார். முதல் ஐசியை வைக்கும் கௌரவம் மனு எழுதிய ரதிக்கு அளிக்கப்பட்டது. கைதட்டலுக்கிடையே அவள் வைத்தாள். ராக்கம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, மகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அலமாரியின் நேரம் திங்கள் முதல் வெள்ளிவரை, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை. தேர்வு சனிக்கிழமை. இந்த இரண்டு செய்திகளும் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தன. நடப்பு விவகாரத்தில் தேர்ந்த முப்பத்தொரு பேரும் வரும்போதும் போகும்போதும் அதைக் கடந்து போனார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் கடைசி மீள்பார்வை வகுப்பு. மூன்று மணிக்கு ஆரம்பம். முப்பது பேரும் லீவு போட்டுவிட்டு வந்து, ஐசியைத் தாமாக முன்வந்து ஒப்படைத்து, பாஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தினமும் காலை எட்டுக்கு ஐசியை எடுத்துப் போய் மாலை ஐந்துக்குள் திரும்பிவிடும் ரதிக்கு அன்று கிடங்கில் லீவும் கிடைக்கவில்லை, நேரத்தோடு விடவும் இல்லை. நீலாயிலிருந்து மழையில் மோட்டார் ஓட்டிக்கொண்டு அவள் வாயிலுக்கு வந்தபோது மணி ஐந்தரை. கிராணி புனிதன் அலமாரியைப் பூட்டிவிட்டு, சாவியோடு கெமாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தார்.

முருகையா தடுப்புக் கம்பத்தைத் தூக்கவில்லை.

"அண்ணே, தொறங்கண்ணே, நனையுது."

"ஐசி ஒப்படைச்சாச்சாம்மா?"

"ஆபீஸ் பூட்டிட்டாங்களே. நீங்களே வச்சிக்குங்க."

"நான் எப்படிம்மா வாங்கிறது? சட்டவிரோதம். நீதானே எழுதின?"

"செரி, ஐசிய விடுங்க. பாஸ் மட்டும் கொடுங்க."

"ஐசி வைக்காம பாஸ் கொடுக்க முடியாது லா."

"பாஸும் வேணாம். சும்மா நடந்து போறேன்."

"பாஸ் இல்லாம உள்ள போனா அத்துமீறல். போர்டுல போட்டிருக்கு."

"அண்ணே, உங்க வீட்டுக்கு அடுத்த வீடு என் வீடு."

"தெரியும்மா," என்றார் முருகையா வருத்தத்தோடு. "எனக்கும் ஏழு மணிக்கு வேலை முடியுது. நான் எப்படி உள்ள போறதுன்னுதான் நானும் யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

அலமாரி வந்ததிலிருந்து அவர் வாயில் கொட்டகையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார் என்பது ரதிக்கு அப்போதுதான் தெரிய வந்தது. மனைவி சோறு கொண்டு வந்து கம்பத்துக்கு மேலே கொடுத்துவிட்டுப் போவாளாம். ஊருக்குள் விட முடியாத ஆளை வைத்துத்தான் ஊரைக் காவல் காக்கிறார்கள் என்று முருகையா சொல்லவில்லை. மழை விடும் போலிருக்கிறது என்றுதான் சொன்னார்.

ராக்கம்மாவுக்கு ஆள் போயிற்று. அவள் குடையும் சோற்றுப் பாத்திரமும் மகளுடைய தேர்வுச் சீட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றபடி எல்லாவற்றையும் நீட்டினாள். உள்ளே வந்தால் ஐசியை ஒப்படைக்க வேண்டும். ஆபீஸ் பூட்டாமல் இருந்து ஒப்படைத்திருந்தாலும், திங்கட்கிழமைதான் திரும்பக் கிடைக்கும் என்று ரதி விளக்கினாள். ராக்கம்மா தேர்வுச் சீட்டை மகள் கையில் வைத்தாள்.

"அப்ப உள்ள வராத," என்றாள். "வீட்டுக்கு வந்தா பாஸாக மாட்ட."

ரதி அன்றிரவு லுக்குட்டில், கிடங்கில் கூட வேலை செய்யும் ஹசீனா பேகத்தின் வீட்டில் தங்கினாள். ஹசீனாவின் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். யார், என்ன என்று யாரும் கேட்கவில்லை. தூங்கும்போது கழுத்தை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை செரம்பான் தேர்வு மண்டபத்தில் ஐசியைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அவளைச் சுற்றி ஐந்து வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. மற்ற முப்பது பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். முந்தின நாள் வகுப்பு முடிந்து வந்தபோது அலமாரி பூட்டியிருந்தது. கையில் பாஸ் இருந்தது. பாஸில் எண்ணும் இருக்கிறது, நிறுவன முத்திரையும் இருக்கிறது என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். தேர்வு அதிகாரி பாஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நீங்கள் எங்கோ வருகையாளர் என்பதைக் காட்டுகிறது, குடிமகன் என்பதைக் காட்டவில்லையே என்றார். போலீசில் ஐசி தொலைந்ததாகப் புகார் கொடுத்து அந்தச் சீட்டைக் கொண்டு வந்தால் அனுமதிக்கலாம் என்று வழி காட்டினார்.

நிலையத்துக்குப் போனார்கள். தொலைந்துவிட்டதா என்று கேட்டார் சார்ஜன். தொலையவில்லை, அலமாரியில் இருக்கிறது. யாராவது பிடுங்கினார்களா? இல்லை, தாமாக முன்வந்து ஒப்படைத்தோம். அப்படியானால் புகார் எங்கே இருக்கிறது என்று அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கைடு நாற்பத்திரண்டாம் பக்கத்தில் உள்ளதைத் தம் வார்த்தைகளில் சொன்னார். எந்நேரமும் ஐசியைக் கூடவே வைத்திருக்க வேண்டியது குடிமக்களின் கடமை. இல்லாமல் வெளியே வந்தது குற்றம். முப்பது பேரும் எச்சரித்து அனுப்பப்பட்டார்கள். ரவிச்சந்திரனுக்குப் போன் போட்டபோது அவர் மனம் தளரவில்லை. இன்றைய அனுபவத்தில் இரண்டு பக்கப் பாடம் இருக்கிறது, அடுத்த தேர்வுக்கு மறக்காது என்றார்.

உள்ளே ரதிக்குப் பன்னிரண்டாம் கேள்வி, ஐசியை யார் கேட்டு வாங்கலாம் என்பது. சி-க்கு வட்டம் போட்டாள். கட்டுரைக் கேள்வி, குடிமக்களின் நடமாடும் உரிமையைத் தற்கால உதாரணத்தோடு விளக்குக என்பது.

அவள் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கம்பத்துக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்ற அம்மா ஒரு தற்கால உதாரணம். கொட்டகையில் படுத்திருக்கும் முருகையா இன்னொன்று. வாசலில் நிற்பவர்கள் முப்பது உதாரணங்கள். எழுதினால் இடம் போதாது. ஆனால் ரவிச்சந்திரன் வகுப்பில் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் இருந்தது. "தேர்வு உங்க அறிவத்தான் கேட்குது. அனுபவத்தக் கேட்கல." இரண்டு முறை அனுபவத்தை எழுதித்தான் அவள் கோட்டைவிட்டிருந்தாள்.

பேனாவை எடுத்தாள். இவ்வுரிமையை நாட்டின் எல்லா மக்களும், குறிப்பாகத் தோட்டப்புற மக்களும், எவ்விதத் தடையுமின்றி முழுமையாக அனுபவித்து வருகின்றனர் என்று எழுதினாள். அண்மையில் ஒரு தோட்டத்தில் நிர்வாகமும் குடியிருப்பாளரும் இணைந்து அடையாள அட்டைகளின் பாதுகாப்பை நவீனப்படுத்தியதை உதாரணம் காட்டினாள். கையெழுத்து அழகாக வந்தது.

தேறிவிட்டாள். நேர்முகத் தேர்விலும் தேறினாள். தேர்வு எழுதியவர்களில் நூறு விழுக்காட்டினர் தேர்ச்சி என்று ரவிச்சந்திரன் பெரிய பேனர் அடித்தார். அதைத் தோட்ட வாயிலில் கட்டிக் கொடுத்தவர் முருகையா. பேனரின் முக்கால் பங்கில் ரதியின் படமும், பின்னால் லயமும் இருந்தன. அடுத்த வகுப்புக்கு எண்பது பேர் சேர்ந்தார்கள். நிறுவனம் இரண்டாவது அலமாரி வாங்கியது.

குவார்ட்டர்ஸும் கிடைத்தது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, நல்ல காற்று. ராக்கம்மா தன் நான்காம் எண் பாஸைக் கொடுத்துவிட்டு, ஐசியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, லாரியில் முன்பக்கம் உட்கார்ந்து வந்தாள். குவார்ட்டர்ஸ் வாயிலிலும் ஒரு ஜாகா இருந்தான். ஃபிரோஸ் என்று பெயர், சின்னப் பையன். லாரியைப் பார்த்துக் கும்பிட்டுக் கம்பத்தைத் தூக்கிவிட்டான். ஆனால் ராக்கம்மா இறங்கி, முந்தானையை அவிழ்த்து, ஐசியை அவனிடம் நீட்டினாள்.

ஃபிரோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வாயிலில் அதுவரை யாரிடமும் ஐசி வாங்கியதில்லை. பெரியவர்கள் நீட்டுவதை மறுக்கக்கூடாது என்று வாங்கிக்கொண்டான்.

"பாஸ் எங்க தம்பி?" என்றாள் ராக்கம்மா.

"பாஸ் எல்லாம் இல்லம்மா. போங்க."

"பாஸ் இல்லாம எப்படிப் போறது? அப்புறம் யாராச்சும் கேட்டா?"

ரதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ராக்கம்மா நகரவில்லை. கடைசியில் ஃபிரோஸ் தன் காலைச் சாப்பாடான நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, ஒன்று என்று எண் போட்டுக் கொடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. மாடி ஏறிப் போய், புது வீட்டில் பாலைக் காய்ச்சினாள்.

ஃபிரோஸ் இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்துவிட்டு, குடியிருப்போர் நலக் குழுவிடம் சொன்னான். குழுவில் இருந்தவர்கள் அனைவரும் அதிகாரிகள். நல்ல முறையாக இருக்கிறதே, இத்தனை நாள் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று வியந்தார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டை நேரில் கண்டவர் யாராவது உண்டா என்று தேடியபோது ரதி அகப்பட்டாள். அவளையே குழுவின் செயலாளராக்கி, அறிவிப்பை எழுதச் சொன்னார்கள். சட்டச் சிக்கல் வருமே என்று ஒருவர் தயங்கினார். வராது, ஒரு வார்த்தை சேர்த்தால் போதும் என்றாள் ரதி.

2025 ஆகஸ்டு 1, வெள்ளிக்கிழமை முதல், அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வருகிறவர்கள் தங்கள் அடையாள அட்டையைத் தாமாக முன்வந்து வாயிலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்கிறார்கள். அறிவிப்பின் கீழே செயலாளர் ரதியின் கையெழுத்து இருக்கிறது. முதல் நாள் பத்தொன்பது அட்டைகள் சேர்ந்தன. முருகையா கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின்னில் அவை வைக்கப்பட்டன.